சர்க்கரைக்கும் உண்டு வலக்கை, இடக்கை

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மதிய உணவுப் பாத்திரத்தில் இருக்கும் சோறும், அதைச் சாப்பிட்டுவிட்டு நாம் வாய் துடைக்கும் பருத்திக் கைக்குட்டையும் ஒரே பொருளால் ஆனவை என்று சொன்னால் நம்புவீர்களா, தோழியரே? ஆனால் உண்மை அதுதான். சோற்றில் உள்ள மாவுப்பொருளும் பருத்தியில் உள்ள செல்லுலோஸும், குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கைகோத்து நிற்கும் சங்கிலிகளே. ஒன்று நம் உடலில் கரைந்து, ஓடவும் ஆடவும் பாடம் படிக்கவும் வலிமை தருகிறது. மற்றதை எவ்வளவு மென்று விழுங்கினாலும் வயிறு நிறையுமே தவிர உடம்பில் ஒட்டாது. ஒரே குளுக்கோஸ் ஓரிடத்தில் உணவாகவும் மற்றோரிடத்தில் துணியாகவும் இருப்பது எப்படி? அந்த இரகசியத்தைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

குளுக்கோஸின் ஒரு மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்களும், பன்னிரண்டு ஹைட்ரஜன் அணுக்களும், ஆறு ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. பாலிலிருந்து கிடைக்கும் கேலக்டோஸ் என்னும் சர்க்கரையிலும் அதே ஆறு, பன்னிரண்டு, ஆறுதான். மேனோஸ் என்று இன்னொன்று உண்டு, அதிலும் அவ்வாறே. எண்ணிக்கை மட்டுமா? எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்ற வரிசையும் மூன்றுக்கும் ஒன்றே. இருந்தும் அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். சுவை வேறு, கரையும் அளவு வேறு, உடலில் செய்யும் வேலை வேறு. மாறுபடுவது ஒன்றே ஒன்றுதான். அது அணுக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் திசை. இப்படித் திசையால் மட்டும் வேறுபடும் பொருள்களைப் புறவெளி மாற்றியங்கள் என்று வேதியியலில் அழைப்பர்.

திசை என்ற ஒன்று அணுக்களுக்கு உண்டு என்பதை முதலில் சொன்னவர் மிக இளையவர். 1874 ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதான வான்ட் ஹாஃப் என்ற டச்சுக்காரர், கார்பன் அணுவின் நான்கு கைகளும் காகிதத்தில் வரைவதுபோல் தட்டையாக இல்லை, நான்முகி ஒன்றின் நான்கு மூலைகளை நோக்கி நீண்டுள்ளன என்று எழுதினார். அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் லெ பெல் என்பவரும் தனியே இம்முடிவுக்கு வந்தார். ஜெர்மனியின் பெரும் பேராசிரியர் கோல்பே இதைப் படித்துவிட்டு, கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வேதியியலில் கற்பனைக் குதிரை ஓட்ட என்ன தகுதி என்ற பொருள்பட 1877 இல் கேலி செய்து எழுதினார். வான்ட் ஹாஃப் அப்போது உட்ரெக்ட் நகரத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில்தான் ஆசிரியராக இருந்தார். 1901 இல் வேதியியலுக்கு முதல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அந்தக் கால்நடைப் பள்ளி ஆசிரியரே!

வான்ட் ஹாஃப் சொன்னதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் எலுமிச்சம்பழ அளவு களிமண் உருண்டையில் நான்கு ஈர்க்குச்சிகளை, ஒன்றுக்கொன்று இயன்ற அளவு விலகியிருக்கும்படி குத்துங்கள். ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒவ்வொரு நிறப் பூவைச் செருகுங்கள். பிறகு அதைக் கண்ணாடிமுன் வைத்து, கண்ணாடியில் தெரிவதுபோலவே இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் எப்படித் திருப்பினாலும் எல்லாப் பூக்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த மாட்டா. நம் வலக்கையும் இடக்கையும் போலத்தான். விரல்கள் ஐந்து, அளவும் ஒன்றே, ஆயினும் வலக்கை உறையை இடக்கையில் மாட்ட இயலாது. இரண்டு பூக்கள் ஒரே நிறமாக இருந்தால் இந்த வேற்றுமை மறைந்துவிடும் என்பதையும் செய்து பாருங்கள். நான்கும் வெவ்வேறாக இருந்தால்தான் அந்தக் கார்பனுக்கு வலம், இடம் என்பது உண்டு.

குளுக்கோஸில் இப்படிப்பட்ட கார்பன்கள் நான்கு உள்ளன. உடற்பயிற்சி வகுப்பில் ஆறு மாணவியர் ஒருவர்பின் ஒருவராக முன்னோக்கி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலாமவளும் ஆறாமவளும் வரிசையின் தலையும் வாலும். நடுவிலுள்ள நால்வரும் ஆளுக்கு ஒரு கையை மட்டும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். அந்தக் கைதான் ஹைட்ராக்சில் தொகுதி. ஒவ்வொருத்திக்கும் இரண்டு வழிகள்; நால்வருக்கும் சேர்த்து இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, பதினாறு விதங்கள். வலம், இடம், வலம், வலம் என்று நின்றால் அவ்வரிசை குளுக்கோஸ். நடுவில் ஒருத்தி, அதாவது நான்காம் கார்பனாக நிற்பவள், கையை மாற்றி வலம், இடம், இடம், வலம் என்று ஆனால் அது கேலக்டோஸ். இடம், இடம், வலம், வலம் என்பது மேனோஸ். நால்வருமே கை மாற்றி, இடம், வலம், இடம், இடம் என்று நின்றால் அது குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பம்.

நால்வரில் கடைசியாக நிற்பவளின் கை வலமானால் அச்சர்க்கரை ‘டி’ வகை. இடமானால் ‘எல்’ வகை. பதினாறில் எட்டு டி, எட்டு எல். ஆனால் இந்தப் பதினாறில் இயற்கையில் தாராளமாகக் கிடைப்பவை எத்தனை தெரியுமா? மேலே சொன்ன மூன்றே மூன்று: குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ். மூன்றும் டி வகை. மற்றவை அரிதினும் அரிதாக இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைப்பவை, அல்லது மனிதர் ஆய்வுக்கூடத்தில் செய்தவை.

கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் கை எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டார்கள்? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் சுவையாகப் பட்டது. முதல் துப்பு ஒளியிலிருந்து கிடைத்தது. சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருகிறது. சில படிகங்களின் வழியே அதைச் செலுத்தினால், ஒரு தளத்தில் அதிரும் ஒளி மட்டும் வெளிவரும். சன்னல் கம்பிகளுக்கு இடையே நோட்டுப் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தால்தானே வெளியே நீட்ட முடியும்? அதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு தளத்துக்கு அடங்கிய ஒளியைச் சர்க்கரைக் கரைசலின் வழியே விட்டால் அதன் தளம் திரும்பிவிடுகிறது. இதை 1815 இல் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பியோ. கடைச் சீனியும் குளுக்கோஸும் ஒளியை வலப்பக்கம் திருப்பும். தேனிலும் பழங்களிலும் உள்ள ஃபிரக்டோஸ் இடப்பக்கம் திருப்பும். இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. டி என்றால் ஒளியை வலமாகத் திருப்புவது என்று பொருளல்ல. ஃபிரக்டோஸும் டி வகையே, ஆனால் ஒளியை இடமாகத் திருப்புகிறது. டி என்பது கையைக் குறிக்கும் பெயர். ஒளியின் திருப்பம் வேறு கணக்கு. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாற்றில் எவ்வளவு சீனி உள்ளது என்பதை இன்றும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று போலாரிமீட்டரில் பார்த்தே கணக்கிடுகிறார்கள்.

இரண்டாவது துப்பைத் தந்தவர் நமக்கெல்லாம் வெறிநாய்க்கடி ஊசியால் பெயர் தெரிந்த லூயி பாஸ்டர். 1848 இல், இருபத்தைந்து வயதில், டார்டாரிக் அமிலத்தின் உப்பொன்றைப் படிகமாக்கி உருப்பெருக்கியில் பார்த்தார். படிகங்களில் பாதி வலக்கை போலவும், பாதி இடக்கை போலவும் இருந்தன. பொறுமையாக இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியல்களாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகவும், மற்றது அதே அளவு இடமாகவும் திருப்பியது. எழுபத்து நான்கு வயதான பியோ இதை நம்பாமல், தம் கண்முன்னே மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். வெப்பம் ஏறத்தாழ 27 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த உப்பு இப்படித் தனித்தனிப் படிகமாகாது. பாஸ்டர் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைச் செய்திருந்தால் ஒன்றும் கண்டிருக்க மாட்டார்! டார்டாரிக் அமிலம் என்றவுடன் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவது பெரும்பாலும் அதுவே. அதுவும் பெரும்பாலும் ஒரு கை உடையதே.

இனிச் சர்க்கரையின் கதாநாயகரிடம் வருவோம். எமில் ஃபிஷர் 1852 இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1875 இல் ஃபினைல் ஹைட்ரசின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார். சர்க்கரைகள் பெரும்பாலும் படிகமாகாமல் பாகாகவே நின்று ஆராய்ச்சியாளரின் பொறுமையைச் சோதிப்பவை. இந்தப் பொருளுடன் சேர்த்தால் அவை அழகிய மஞ்சள் படிகங்களாகிவிடும். குளுக்கோஸ், மேனோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் ஒரே மாதிரிப் படிகம் தந்தன. ஆகவே இம்மூன்றும் வரிசையின் தலைப்பகுதியில் மட்டுமே வேறுபடுகின்றன, மற்ற கைகள் எல்லாம் ஒன்றே என்று அவர் தெளிந்தார். அந்த ஃபினைல் ஹைட்ரசின் ஒரு நஞ்சு. ஆண்டுக்கணக்கில் அதைக் கையாண்டதால் அவர் உடல்நலம் கெட்டது. நாம் நான்கு வரியில் படித்துவிட்டுப் போகும் உண்மைக்கு ஒருவர் கொடுத்த விலை அது.

அவர் பயன்படுத்திய தந்திரம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் உடற்பயிற்சி வரிசையை வைத்தே விளங்கிவிடும். ஒரு சர்க்கரையை நைட்ரிக் அமிலத்துடன் சேர்த்தால் வரிசையின் தலையும் வாலும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. இப்போது கேலக்டோஸைப் பாருங்கள்: வலம், இடம், இடம், வலம். முன்பாதிக்குப் பின்பாதி சரியான கண்ணாடிப் பிம்பம். முன்பாதி ஒளியைத் திருப்பினால் பின்பாதி அதே அளவு எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். ஆக மொத்தம் சுழியம். பால் சர்க்கரையிலிருந்து 1780 இல் ஷீலே என்பவர் எடுத்த மியூசிக் அமிலம் இதுதான். அது ஒளியைத் திருப்புவதே இல்லை. குளுக்கோஸின் வலம், இடம், வலம், வலம் அப்படிச் சமன்படாது. அதிலிருந்து வரும் அமிலம் ஒளியைத் திருப்பும். ஆகவே ஓர் அமிலம் ஒளியைத் திருப்புகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியால், பதினாறில் பல வரிசைகளை ‘இவை இல்லை’ என்று தள்ளிவிடலாம். துப்பறியும் கதையில் ஒவ்வொருவராக விடுவித்துக் கடைசியில் ஒருவரைப் பிடிப்பதுபோல், 1891 இல் ஃபிஷர் குளுக்கோஸின் வரிசையைப் பிடித்துவிட்டார். 1902 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. குளுக்கோஸ் என்பது வலம், இடம், வலம், வலமா? அல்லது அதன் பிம்பமான இடம், வலம், இடம், இடமா? இந்த இரண்டில் எது என்று சொல்ல அக்காலத்தில் எந்தச் சோதனையும் இல்லை. ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லலாமே தவிர, உண்மையில் எந்தக் கை என்று காண வழியில்லை. ஃபிஷர் ஒன்றைத் தெரிந்துகொண்டு, இதுவே வலம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். காசைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பதைப் போன்றதே அது. உலகத்து வேதியியல் நூல்கள் எல்லாம் அந்த ஒரு ஊகத்தின்மேல் அறுபது ஆண்டுகள் எழுதப்பட்டன. 1951 இல் பைஃபூட் என்ற டச்சு அறிஞரும் அவர் துணைவரும் டார்டாரிக் அமிலத்தின் சோடியம் ருபீடியம் உப்பில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் கைகள் உண்மையில் எப்பக்கம் என்று முதன்முறையாகக் கண்டார்கள். ஃபிஷரின் ஊகம் சரியாக இருந்தது! தவறாக இருந்திருந்தால் அத்தனை நூல்களிலும் ஒவ்வொரு படத்தையும் திருப்பி வரைய வேண்டியிருந்திருக்கும். அந்த ஆய்வு நடந்த ஊர் உட்ரெக்ட். ஆய்வுக்கூடத்தின் பெயர் வான்ட் ஹாஃப் ஆய்வுக்கூடம். கோல்பே உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

சோற்றையும் கைக்குட்டையையும் மறக்கவில்லை. குளுக்கோஸ் தண்ணீரில் நீள வரிசையாக நிற்பது அரிது. ஐந்தாம் கார்பனில் உள்ள ஆக்ஸிஜன் வளைந்து வந்து முதலாம் கார்பனைப் பற்றிக்கொள்ள, வளையமாகிவிடுகிறது. அப்போது முதலாம் கார்பனுக்கும் புதிதாக ஒரு கை முளைக்கிறது. அது வளையத்துக்குக் கீழ்ப்புறம் நோக்கினால் ஆல்ஃபா குளுக்கோஸ். மேற்புறம் நோக்கினால் பீட்டா குளுக்கோஸ். தண்ணீரில் இவை ஒன்று மற்றொன்றாக மாறி மாறி, கடைசியில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 ஆல்ஃபாவாகவும் 64 பீட்டாவாகவும் நிலைகொள்கின்றன. பீட்டா ஏன் மிகுதி? பீட்டா குளுக்கோஸில் எல்லாக் கைகளும் வளையத்தின் பக்கவாட்டில் விரிந்து, ஒன்றையொன்று இடிக்காமல் வசதியாக இருக்கின்றன. பதினாறு சர்க்கரைகளில் இந்த வசதி குளுக்கோஸுக்கும் அதன் பிம்பத்துக்கும் மட்டுமே முழுமையாக வாய்த்திருக்கிறது. உயிருலகில் குளுக்கோஸ் இவ்வளவு பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு.

ஆல்ஃபா குளுக்கோஸ்கள் கைகோத்தால் சங்கிலி சுருள் சுருளாக வளைகிறது. அதுவே அரிசியிலும் கிழங்கிலும் உள்ள மாவுப்பொருள். சோற்றின்மேல் அயோடின் சொட்டினால் கருநீலமாவது, அந்தச் சுருளுக்குள் அயோடின் நுழைந்து அமர்வதால்தான். பீட்டா குளுக்கோஸ்கள் கைகோத்தாலோ, ஒவ்வொன்றும் முந்தியதற்குத் தலைகீழாகத் திரும்பி நின்று, நூல் பிடித்ததுபோல் நேரான சங்கிலியாகிறது. நேரான சங்கிலிகள் விறகுக்கட்டுப்போல் அருகருகே அடுக்கி ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அதுவே பருத்தி, சணல், தென்னை மட்டை, தேக்கு மரம், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பள்ளி மலரின் காகிதம் எல்லாம். முதலாம் கார்பனின் கை மேலேயா கீழேயா என்பதில் இத்தனை பெரிய வேற்றுமை!

நம் எச்சிலிலும் குடலிலும் உள்ள நொதிகள் ஆல்ஃபா பிணைப்பைத்தான் பிரிக்கும்; செல்லுலோஸின் பீட்டா பிணைப்பைத் தொடாது. இதற்கும் காரணம் கண்டவர் ஃபிஷரே. செயற்கையாகச் செய்த ஆல்ஃபா, பீட்டா பொருள்கள் இரண்டை எடுத்துக்கொண்டார். ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி ஆல்ஃபாவை மட்டும் பிரித்தது. வாதுமைப் பருப்பிலிருந்து எடுத்த நொதி பீட்டாவை மட்டும் பிரித்தது. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல என்று 1894 இல் அவர் சொன்ன உவமை இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது. அப்படியானால் மாடு வைக்கோலைத் தின்று பால் தருவது எப்படி? மாட்டிடமும் அந்தச் சாவி இல்லை! அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சாவி அவற்றிடம் உள்ளது. மாடு அவற்றுக்கு வீடு கொடுக்கிறது, அவை வாடகையாகச் செல்லுலோஸைச் செரித்துக் கொடுக்கின்றன. நம் வீட்டுக் கதவை அரிக்கும் கரையானின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

நம் ஈரலும் தசைகளும் குளுக்கோஸை ஆல்ஃபா பிணைப்பாலேயே கோத்து, கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கின்றன. ஓடும்போது அதிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாக எப்படிக் கழற்றப்படுகிறது என்று கண்டவர்கள் கெர்ட்டி கோரியும் அவர் கணவர் கார்ல் கோரியும். கெர்ட்டி 1896 இல் பிராகு நகரில் பிறந்தவர். கணவருக்குச் சமமாக உழைத்தும், அமெரிக்காவில் நெடுங்காலம் அவருக்குக் குறைந்த ஊதியத்தில் உதவி ஆய்வாளர் வேலையே கிடைத்தது. 1947 இல்தான் பேராசிரியர் ஆக்கினார்கள். அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே. நம் பள்ளியில் அறிவியல் படிக்கும் ஒவ்வொரு தங்கையும் இப்பெயரை அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனிச் சொல்லப் போவது பெற்றோரும் கவனிக்க வேண்டியது. பால் சர்க்கரை என்பது ஒரு கேலக்டோஸும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்தது. இரண்டையும் இணைப்பது பீட்டா வகைப் பிணைப்பே. குழந்தைகளின் குடலில் அதைப் பிரிப்பதற்கென்றே லாக்டேஸ் என்ற தனி நொதி உண்டு. வளர்ந்தபின் பலருக்கு அது குறைந்துவிடும். எங்கள் ஆச்சிக்கு ஒரு தம்ளர் பால் குடித்தால் வயிறு பொருமும். தயிரானால் ஒன்றும் செய்யாது. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் பால் சர்க்கரையில் ஒரு பங்கை முன்பே அமிலமாக்கிவிடுவதும், தம் நொதியால் மீதியைச் செரிக்க உதவுவதும்தான் காரணம். இது நோயன்று, உலகில் வளர்ந்தவர்களில் மிகுதியானோர் நிலை இதுவே.

உண்மையில் அஞ்ச வேண்டியது வேறொன்று. பாலிலிருந்து வந்த கேலக்டோஸை உடல் அப்படியே பயன்படுத்த முடியாது. நான்காம் கார்பனின் கையை இடத்திலிருந்து வலத்துக்கு மாற்றிக் குளுக்கோஸாக்க வேண்டும். ஒரே ஒரு கை! அதற்காக ஈரலில் பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. இந்த வழியைக் கண்டறிந்த அர்ஜென்டினா நாட்டு லூயிஸ் லெலுவாருக்கு 1970 இல் நோபல் பரிசு கிடைத்தது. அரிதாகச் சில குழந்தைகள் இந்த நொதிகளில் ஒன்று இல்லாமலேயே பிறக்கின்றன. அந்நோய்க்குக் கேலக்டோசீமியா என்று பெயர். பிறக்கும்போது குழந்தை நன்றாக இருக்கும். பால் குடிக்கத் தொடங்கிய சில நாள்களில் வாந்தி, மஞ்சள் காமாலை, சோர்வு. ஈரல் கெடும், கண்ணில் புரை விழும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அமுதம் என்று நாம் போற்றும் தாய்ப்பாலே அந்த ஒரு குழந்தைக்கு ஆகாமல் போகிறது. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுவிட்டால், பாலை உடனே நிறுத்தி, மருத்துவர் சொல்லும் சோயா முதலியவற்றால் ஆன உணவைக் கொடுத்துக் காப்பாற்றலாம்.

குழந்தைக்கு இப்படி நேர்ந்தால், ‘தாயின் பாலில் கோளாறு, அவள் எதைத் தின்றாளோ’ என்று சொல்ல நம்மிடையே ஆள்கள் உண்டு. கண்ணேறு என்பார்கள், ராசியில்லாதவள் என்பார்கள். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. பாலில் எந்தக் குறையும் இல்லை. எல்லாத் தாய்மாரின் பாலிலும் இருக்கும் அதே சர்க்கரைதான் அது. நோய் வருவது தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்குமாக, இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேரும்போது. தாயும் தந்தையும் நோயின் அறிகுறி ஏதுமின்றி நலமாகவே இருப்பார்கள். நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது இப்படி இரண்டும் ஒன்றுசேரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதையும் மருத்துவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்.

நாக்கின் விஷயத்துக்கும் சற்று வருகிறேன். மேனோஸில் ஆல்ஃபா வகை இனிக்கும். பீட்டா வகை கசக்கும்! முதலாம் கார்பனின் கை ஒன்றே வேறு. இதைப் படித்தபின், குளுக்கோஸின் பிம்பமான எல் குளுக்கோஸ் கட்டாயம் கசக்கும் என்றே எதிர்பார்ப்போம். அதுதான் இல்லை, அதுவும் இனிக்கிறது. நாக்கு ஏமாறுகிறது, ஆனால் நொதிகள் ஏமாறுவதில்லை. உடல் அதை எரித்து வலிமையாக்க முடியாது. அப்படியானால் நீரிழிவு உள்ளவர்களுக்கு எவ்வளவு நல்லது என்று தோன்றுகிறதல்லவா? அமெரிக்காவில் இதற்கு 1981 இல் காப்புரிமைகூடப் பெற்றார்கள். ஆனால் அதைச் செய்ய ஆகும் செலவு மிக அதிகம் என்பதால் கடைக்கு வரவில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் விரலைக் குத்திச் சோதிக்கும் கருவிகளில் பலவற்றின் பட்டையில் உள்ள நொதியும் பீட்டா வகை டி குளுக்கோஸை மட்டுமே கண்டுகொள்ளும். இரத்தத்தில் கேலக்டோஸ் இருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது.

இயற்கையின் சர்க்கரைகள் டி வகை என்று சொன்னேன். விதிவிலக்கும் உண்டு; அது நம் இரத்தத்திலேயே இருக்கிறது. சிவப்பணுக்களின் மேல் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் முடிபோல் நிற்கின்றன. அவற்றின் நுனியில் ஃபியூகோஸ் என்ற எல் வகைச் சர்க்கரை ஒன்று உண்டு. கேலக்டோஸின் கண்ணாடிப் பிம்பத்திலிருந்து ஓர் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டால் அதுதான் ஃபியூகோஸ். அத்துடன் வேறெதுவும் சேராவிட்டால் அவர் ஓ பிரிவு. கூடவே ஒரு கேலக்டோஸ் சேர்ந்தால் பி பிரிவு. அந்தக் கேலக்டோஸின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதிலாக நைட்ரஜன் உள்ள தொகுதி ஒன்று இருந்தால் ஏ பிரிவு. 1952 இல் பம்பாயில் சிலரது இரத்தம் இந்தப் பிரிவுகள் எதிலும் அடங்கவில்லை என்று மருத்துவர் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் கண்டார்கள். அவர்களுக்கு அந்த எல் ஃபியூகோஸை ஒட்ட வைக்கும் நொதியே இல்லை. ‘பம்பாய் இரத்தப் பிரிவு’ என்று உலகமெங்கும் அறியப்படும் இப்பிரிவினருக்கு, எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று நாம் எண்ணும் ஓ பிரிவு இரத்தமும் ஆகாது. தம் பிரிவினரின் இரத்தமே வேண்டும்.

உயிர்கள் ஏன் டி சர்க்கரையைத் தேர்ந்தன என்ற கேள்விக்கு மட்டும் விடை இன்னும் முடிவாகவில்லை. எல்லாம் எல் வகையாகவே அமைந்த ஓர் உலகில் நெல்லும் பருத்தியும் பசுவும் நாமும் குறையின்றி வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள். இரண்டும் கலந்து இருப்பதுதான் இயலாது. விடையைத் தேடுவோர் விண்கற்களையும் ஆராய்கிறார்கள். 1969 இல் ஆஸ்திரேலியாவில் முர்சிசன் என்ற ஊரில் விழுந்த கல்லில், ரைபோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரை இருப்பதை 2019 இல் கண்டார்கள். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2016 இல், இத்தகைய விண்கற்களிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரை அமிலங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பல டி வகை மிகுந்தும் எல் வகை குறைந்தும் இருந்தன.